அலையட்டும் மனம், இழுத்து வா!

"எனக்குத் தியானம் வராது."

எத்தனை முறை சொல்லிவிட்டாய் இதை?

கண்ணை மூடினாய். மூன்றாவது மூச்சிலேயே மாதத் தவணை வந்து நின்றது. மேலாளர் நேற்றுத் திட்டியது வந்தது. மகளின் பரீட்சை வந்தது. "என் மனம் ஓரிடத்தில் நிற்காது" என்று எழுந்துவிட்டாய்.

யாருடைய மனம் நிற்கிறது, சொல்!

ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2,250 பேரை ஆராய்ந்தார்கள். கைப்பேசி வழியே நினையாத நேரத்தில் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் எங்கே இருக்கிறது?

2010-ல் முடிவு வெளிவந்தது. கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது! அலைந்த மனத்தில் மகிழ்ச்சியும் குறைந்திருந்தது.

பார்த்தாயா? ஊருக்கே அலைகிறது. உனக்கு மட்டும் என்ன தனிக் குறை?

கைத்தறியில் இழை அறுந்தால் நெசவாளி தறியை விட்டுப் போய்விடுகிறாரா? முடிச்சுப் போடுகிறார். மறுபடி ஓட்டுகிறார். நீ மட்டும் ஏன் முதல் இழையிலேயே எழுந்து ஓடுகிறாய்?

மனம் ஓடிவிட்டது என்று உனக்குத் தெரிகிறதே, அந்த நொடியில் நீ விழித்துவிட்டாய்! மூச்சுக்குத் திரும்பு. ஐம்பது முறை ஓடினால் ஐம்பது முறை இழுத்து வா. அந்த இழுத்து வருதல்தான் பயிற்சி. நீ தோல்வி என்று நினைத்தாயே, அதுவேதான்!

அடுத்து என்ன சொல்வாய்? "நேரம் இல்லை."

ஊ பா கின் என்ற பெயரைக் கேட்டிருக்கிறாயா? பர்மாவின் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். 1937-ல் தியானம் பழகினார். கற்றுக்கொடுத்தவர் சயா தெட்ஜி, ஒரு விவசாயி! நாடு விடுதலை பெற்ற 1948-ல் அந்த எழுத்தரே தலைமைக் கணக்காயர். மலைபோல் கோப்புகள். அப்போதும் தியானத்தை விடவில்லை. தன் ஊழியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அவரிடம் 1955-ல் வந்தவர் வணிகர் கோயங்கா. மருத்துவர்களால் தீர்க்க முடியாத ஒற்றைத் தலைவலி. "தலைவலிக்காக மட்டும் வருவதானால் வேண்டாம்" என்றார் ஆசான். மனத்தைத் தூய்மையாக்கவே வந்தார் கோயங்கா. பிறகு 1969-ல் இந்தியாவுக்கு அந்தத் தியானத்தைக் கொண்டுவந்தார்.

விவசாயி. அரசு அதிகாரி. வணிகர். இவர்களில் துறவி யார்?

"அமைதியான இடம் இல்லை" என்று மட்டும் சொல்லாதே! 1994-ல் டெல்லி திகார் சிறைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் தியானத்தில் அமர்ந்தார்கள். சிறைக்குள்!

உண்மையைச் சொல். நேரமும் இடமும் சாக்கு. உனக்குப் பயம்.

சும்மா இருக்கும் ஒரு நிமிடத்தில் உன்னிடமே மாட்டிக்கொள்வாய் என்ற பயம். அதனால்தான் சிக்னலில் நின்றாலும் கைப்பேசி. சாப்பிடும்போதும் கைப்பேசி. கழிவறையிலும் கைப்பேசி!

எதிலிருந்து ஓடுகிறாய்? கேட்காமல் விட்ட மன்னிப்பா? தோற்றுப்போன தொழிலா? வரட்டும். வந்து நிற்கட்டும். மூச்சைக் கவனித்துக்கொண்டே நேருக்கு நேர் பார். எவ்வளவு பெரிதாக வந்தாலும் அது எண்ணம்தான். வந்ததுபோலவே போகும்.

(ஆழ்ந்த மனச்சோர்வு இருந்தால், பழைய காயம் தாங்க முடியாமல் கிளம்பினால், மருத்துவரிடம் போ. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. உதவி கேட்பதற்கும் துணிச்சல் வேண்டும்.)

1979-ல் ஜான் கபாட்-சின் என்ற அமெரிக்கர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தீராத வலிக்காரர்களுக்குத் தியானப் பயிற்சி தொடங்கினார். அதில் ஒரு பாடம் என்ன தெரியுமா? ஒரே ஒரு உலர் திராட்சை! பார்க்க வேண்டும். முகர வேண்டும். மெதுவாக மெல்ல வேண்டும்.

நீ காலையில் சாப்பிட்ட இட்லி என்ன ருசி? சொல் பார்க்கலாம்!

குளிக்கும்போது தண்ணீரை உணர். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது பாதத்தை உணர். கோபம் வாய்வரை வந்ததும் ஒரு மூச்சு முழுதாக விடு. அப்புறம் பேசு.

இதற்குக் காசு வேண்டுமா? காடு வேண்டுமா?

நாளை என்று தள்ளாதே. நாளை என்றே பத்து வருடம் போய்விட்டது!

இன்றிரவு கைப்பேசியை வேறு அறையில் வை. பத்து நிமிடம் உட்கார். மனம் ஓடும். இழுத்து வா. மறுபடி ஓடும். மறுபடி இழுத்து வா.

உன்னால் முடியும். உட்கார்!