எண்ணுதல் அறமாகுமா?

ஓர் உயிரினத்தை ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ணிக்கொண்டிருப்பது அறச்செயலா, அன்றி வெறும் கணக்கெழுதும் தொழிலா? இவ்வினாவைத் தெளிவுற நோக்குவதற்குத் தொலைவிலுள்ள ஒரு கடற்கரை துணைசெய்யும். ஆர்ஜென்டினாவின் புந்தா தொம்போவில், 1982ஆம் ஆண்டு தொடக்கம், டீ போர்ஸ்மா என்னும் அமெரிக்க அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும் பென்குயின்களின் கூடுகளைப் பருவந்தோறும் சென்று பார்த்து, இட்ட முட்டை எத்தனை, பொரித்த குஞ்சு எத்தனை, கடல் புகும்வரை பிழைத்தது எத்தனை எனக் குறித்து வந்துள்ளனர். 1983 முதல் 2010 வரையான குறிப்புகளின்படி, சராசரியாக நூற்றுக்கு 65 குஞ்சுகள் மடிந்தன. பட்டினியே அவற்றுள் பலவற்றைக் கொன்றது. ஆயினும் மழையும் கொன்றது. நீர்புகா இறகு முளைப்பதற்கு முன்னர் குஞ்சின் மென்தூவி நனையுமாயின், அது குளிரில் விறைத்து இறக்கும். இனப்பெருக்கக் காலத்து மழைப்புயல்கள் பெருகிவருகின்றன என்பதும் அதே குறிப்பேடுகளிலிருந்தே தெரியவந்தது. ஓரிரு ஆண்டு மட்டும் நோக்கியிருப்பவர், தீய பருவம் என்று கூறிக் கடந்து சென்றிருப்பர்.

எண்ணுபவரின் இக்கட்டு இங்குதான் தோன்றுகிறது. பசியால் வாடும் குஞ்சின் அருகே நிற்பவர் அதற்கு ஒரு மீனை இடுவாராயின், அக்கூட்டின் கணக்குப் பொய்த்துப்போகும். இடாவிடின், அவர் நெஞ்சம் கல்லோ என்று கேட்கத் தோன்றும். ஒரு குஞ்சைக் காப்பதிலும், ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஏன் மாள்கின்றன என்று அறிவது பெரிதென்பது அவர் தரும் விடை. அவ்விடை நேர்மையானதே. ஆனால், அறிந்தபின் ஒன்றும் செய்யாது விடப்படுமாயின், அதே விடை இரக்கமின்மைக்குப் போர்த்திய போர்வையாகிவிடும்.

அக்கடற்கரையை விட்டு இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு வருவோர், இதே வினாவை வேறோர் உருவிற் காண்பர். அட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடுத்த மலைகள் ஆகியவற்றில் தேயிலைக்கும் ஓடைக்கரைக் காட்டுத்துண்டுகளுக்கும் இடையே சிறுத்தைப்புலி வாழ்கிறது. இலங்கைக்கே உரிய துணையினமாகிய இதனை, 2000ஆம் ஆண்டு யாலையில் ஆய்வைத் தொடங்கிய அஞ்சலி வட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோர் பின்னர் மலைநாட்டிலும் தானியங்கிக் கமராக்களைக் கொண்டு தொடர்ந்து பதிவுசெய்து வருகின்றனர். இம்முறை எளிதாயினும் பொறுமை வேண்டுவது. ஒரு சிறுத்தையின் புள்ளிக்கோலம் இன்னொன்றிற்கு இராது. இடப்பக்கக் கோலமும் வலப்பக்கக் கோலமும்கூட வேறுபடும். ஆதலின், நடைபாதையின் இருமருங்கும் கமரா பொருத்தப்படும். இரவில் கடந்து செல்லும் விலங்கு இன்னதென்று அறியப்படுகிறது. சென்ற ஆண்டு தாயுடன் வந்த குட்டி இவ்வாண்டு தனியே வருகிறதா என்றும் பார்க்கப்படுகிறது. பெண் சிறுத்தை பெரும்பாலும் இரண்டு குட்டிகளையே ஈனும். அவை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாயை அண்டியே வளரும். எனவே, இனப்பெருக்கம் வெற்றியுற்றதா என்பதற்கு ஒரு பருவத்தில் விடை கிடையாது. குட்டி பிறந்தது செய்தி; அது வளர்ந்து தனக்கென ஓரிடம் பிடித்துக்கொண்டதே விடை. அவ்விடைக்குப் பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

இடையில் சுருக்குக்கம்பி வந்துவிடுகிறது. மரக்கறிப் பாத்தியை அழிக்கும் காட்டுப்பன்றிக்கென்றோ, இறைச்சிக்கென்றோ கட்டப்படும் கம்பியில் சிறுத்தை அகப்படும்போது, தலையும் முன்னுடலும் நுழைந்து, இடையில் இறுகிவிடுவது வழக்கம். விலங்கு திமிறத் திமிறக் கம்பி உள்ளுறுப்புகளை நசுக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபான தோட்டத்தில், அரிதினும் அரிதான ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக்கம்பியில் அகப்பட்டது. மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாட்களில் அது இறந்தது. பென்குயின் குஞ்சின் பசிக்கும் இச்சாவுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் விளங்கும். கடலில் மீன் அருகுதற்குப் பொறுப்பாளி இன்னார் எனச் சுட்டுதல் கடினம். கம்பியோ ஒரு கையால் முறுக்கப்பட்டது. இங்கே பார்த்துக்கொண்டிருத்தல் ஆய்வுமுறையாகாது. கம்பியைக் கண்டவர் அதனை அறுத்தேயாக வேண்டும்.

ஆனால், அக்கையைக் குற்றஞ்சாட்டி முடித்துவிடுவது தகுமா? தோட்டத்து லயங்களில் வாழ்வோர் எழுப்பும் எதிர்வினா ஒன்று உண்டு. சிறுத்தைக்குக் கமராவும் கணக்கும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண் அதே சிறுத்தையால் காயமுற்றால், லயத்து நாய் இரவோடிரவாகக் காணாமற்போனால், எழுதிவைப்பவர் யார்? இவ்வினாவைப் பொறாமையின் குரல் என ஒதுக்குவோர் மலையக வரலாற்றை அறியாதோர்.

அம்மக்களும் எண்ணப்பட்டவர்களே. பிரட்டுக்களத்தில் காலைதோறும் எண்ணப்பட்டனர்; மாலையில் அவர்கள் பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அவ்வெண்களில் முகம் இல்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்களின் கண்ணீர் எந்தப் பத்தியிலும் பதியப்படவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியபோதும் கணக்கு இருந்தது. தோட்டப்புறச் சிசுமரணம் நாட்டின் பொதுவிகிதத்தை விஞ்சி நிற்பதை ஆண்டறிக்கைகள் காட்டிக்கொண்டுதான் இருந்தன. காட்டியதனாற் கஞ்சி வந்துவிடவில்லை.

ஈண்டு ஒரு விந்தை புலனாகும். சிறுத்தையை எண்ணுபவர் அதன் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, இது முன்னர் கண்ட அதே உயிர்தான் என்று அறிந்தபின்னரே எண்ணுகிறார். மனிதரை எண்ணியவரோ, யார் எவர் என்று பாராமலே பங்கிட்டுவிட்டார். ஆகவே, எண்ணுதலின் அறம் அதன் நோக்கத்தில் மட்டுமன்றி, எண்ணப்படுவது தனியோர் உயிர் என்ற நினைவு இறுதிவரை நிலைக்கிறதா என்பதிலும் தங்கியுள்ளது. நெடுங்காலக் கணிப்புக்கு உரிய பெருமையும் அதுவே. ஒருமுறை எண்ணி நீங்குபவருக்குத் தொகை மட்டும் மிஞ்சும். மீண்டும் மீண்டும் வருபவருக்கு, சென்றமுறை இருந்த ஒன்று இம்முறை இல்லையென்னும் குறை தெரியும். அக்குறையை உணர்ந்தவர், 'அது எங்கே?' என்று கேளாதிருக்க முடியாது.

அக்கேள்வி சிறுத்தையோடு நின்றுவிடலாமா என்பதே எஞ்சியுள்ள சிக்கல். நாட்கூலி போதாமையால் லயத்தின் பின்புறம் நாலு பாத்தி போட்டவனுடைய கிழங்கைப் பன்றி தோண்டித் தின்றால், அவனுக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. வேலி அடிக்கப் பணமில்லை, கம்பி மலிவு. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் சிறுத்தையைக் காக்கிறது. அது காக்கப்படவும் வேண்டும். ஆயினும், அக்காப்பின் செலவு முழுவதையும் மலைநாட்டின் மிக வறிய குடும்பமே தாங்கவேண்டும் என்பது எந்த அறநூலுக்கும் ஒவ்வாது. தேயிலையால் வருவாய் கண்டோர், அதே மலையின் சிறுத்தையைக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளை அழைப்போர், அரசு ஆகியோரின் பங்கு யாது? பன்றியால் அழிந்த பாத்தியும் ஒரு குறிப்பேட்டில் ஏறும்வரை, சிறுத்தையின் குறிப்பேடு பாதிதான் எழுதப்பட்டதாகும்.

இன்னொன்றும் மறக்கப்படுகிறது. கமரா பொருத்தப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே, விடியற்பனியில் மலைக்கு ஏறும் கொழுந்துக்காரியே ஈரமண்ணில் அடிச்சுவட்டைக் கண்டவள். இது தாயா, குட்டிகள் உடன் வந்தனவா, சென்ற மாதம் வந்ததுதானா என்று அவள் அறிந்திருந்தாள். பிரட்டுக்கு நேரமாகிவிடும் என்பதால், கூடையைச் சரிசெய்துகொண்டு, வேறு பாதையால் நடந்தாள். அவளிடம் எவரும் கேட்டதில்லை.