மெய்யும் அறிவும்

'மெய்' என்னும் சொல்லுக்குத் தமிழில் உடம்பு என்றும் உண்மை என்றும் பொருள் உண்டு. எழுத்திலக்கணத்தில் அதுவே ஒற்றெழுத்தையும் குறிக்கும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பதைத் தொடக்கப்பள்ளிச் சிறுவனும் அறிவான். இப்பெயர்களை இட்டோர் உடம்பையும் அறிவையும் பற்றி ஒரு கொள்கை உடையவராய் இருந்தனரா, உவமையாக மட்டும் ஆண்டனரா என்பது தனியே ஆராய்தற்குரியது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெய்யியலார் ஒருவர் வாழ்நாளெல்லாம் முயன்று நிறுவிய கருத்துக்கு இச்சொல் வியப்பூட்டும் அளவுக்கு அணுக்கமாக நிற்கிறது. அவர் மொரீஸ் மெர்லோ-பொந்தி.

சார்த்தரும் காம்யுவும் தமிழ் வாசகர்க்குப் புதியவர் அல்லர். எஸ்.வி. ராஜதுரையின் இருத்தலியல் அறிமுக நூல் 1975இல் வந்தது. காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 1980இல் வந்தது. மெர்லோ-பொந்திக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. கதையும் நாடகமும் எழுதாத மெய்யியலாரை வாசகர் உலகம் எளிதில் தேடிச் செல்வதில்லை போலும். 1908இல் பிறந்த அவர், சார்த்தரோடும் சிமோன் த பொவ்வாரோடும் சேர்ந்து 1945இல் ஓர் இதழைத் தொடங்கினார். பின்னர் அரசியல் வேற்றுமையால் சார்த்தரைப் பிரிந்தார். 1961இல் தம் 53ஆம் அகவையில் மறைந்தார். அவர் புகழுக்கு அடிப்படையான 'புலனுணர்வின் தோற்றப்பாட்டியல்' 1945இல் வெளிவந்தது.

அறிவு ஒருபுறம், உடம்பு ஒருபுறம் எனப் பிரித்தவர் டெக்கார்ட். அப்பிரிவின்படி உடம்பு ஒரு பொறி. உள்ளே இருந்து அதனை ஆள்வது மனம். மெர்லோ-பொந்தி இதனை மறுத்தார். கண்பார்வை அற்றவர் கையில் உள்ள கோல், பழகியபின் அவர் கருதிப்பார்க்கும் பொருளாக இருப்பதில்லை. அதன் நுனியே தொட்டுணரும் இடம் ஆகிவிடுகிறது. முதல் உலகப்போரில் மூளையில் காயமுற்ற ஷ்நைடர் என்னும் ஜெர்மானியரைப் பற்றியும் அவர் விரிவாக எழுதினார். கொசு கடித்த இடத்தை அம்மனிதரின் கை உடனே சென்று தட்டும். அதே இடத்தைச் சுட்டிக்காட்டச் சொன்னால் அவரால் இயலாது. ஆனால் பணப்பை தைக்கும் தம் தொழிலில், நலமுடைய தொழிலாளி செய்வதில் முக்கால் பங்கை அவர் செய்து முடித்தார். சொல்லிக் காட்ட இயலாததைக் கை அறிந்திருந்தது. பழக்கம் என்பது எந்திரத்தின் அசைவன்று, உடம்பு பெற்ற அறிவே என்பது மெர்லோ-பொந்தியின் முடிபு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கற்றவர்க்கு இது முற்றிலும் அயலான செய்தியன்று. நகை, அழுகை, வெகுளி முதலிய எட்டும் மெய்யில் படுவன, ஆகவே மெய்ப்பாடு. சினம் உள்ளே ஒளிந்திருக்க, முகம் அதன் அடையாளத்தை மட்டும் காட்டுகிறது என்பதை மெர்லோ-பொந்தி ஏற்கவில்லை; அந்த முகத்திலேயே சினம் இருக்கிறது என்றார். ஒப்புமையை இதற்குமேல் இழுத்தல் தகாது. தமிழ் இலக்கணத்தில் உயிர் தனித்து ஒலிக்கும், மெய்தான் துணை வேண்டும். அவருக்கோ உடம்பின்றி உயிர் ஒரு சொல்லும் பேசாது.

மனிதர் உடம்பாக மட்டுமே மதிக்கப்பட்ட இடம் ஒன்றில் வைத்துப் பார்த்தாலன்றி இக்கொள்கையின் வலிமையும் குறையும் விளங்கா. அவ்வகையில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நினைக்கத்தக்கது. 1864இல் அங்கே கப்பல்துறைக் கம்பெனி அமைந்தது. 1905இல் அதனை அரசு எடுத்துக்கொண்டது. சீனரோடும் மலாய்க்காரரோடும் தமிழரும் அத்துறையில் உழைத்தனர். தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் அவ்வட்டாரத்தில் திரளாக வாழ்ந்தனர். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடைபெற்றது. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் அங்கே கரும்பலகையில் எழுதப்பட்டன. சற்றுத் தொலைவில், துறைமுகத்தில், மெய் மூட்டைக் கணக்கில் எண்ணப்பட்டது.

மூட்டை சுமப்பதில் அறிவுக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. மாடும் சுமக்கிறதே என்பர். கப்பலுக்கும் கரைக்கும் இடையே இட்ட பலகை நடக்க நடக்கத் துள்ளும். அத்துள்ளலோடு அடியை இசைக்காதவன் நீரில் விழுவான். சும்மாட்டை எங்கே வைப்பது, எந்த மூச்சில் எழுவது என்பவற்றைப் பழகியவன் புதியவனுக்குச் செய்துகாட்டித் திருத்துவான். திருத்தக்கூடியதும் கற்பிக்கக்கூடியதும் அறிவன்றி வேறென்ன? கூலியை எடைக்கும் நாளுக்கும் அளந்தவர்கள் இந்த அறிவைக் காணவில்லை. குறைந்த கூலி ஓர் அநீதி. ஒருவன் அறிந்திருக்கிறான் என்பதையே அறியாமை அதனினும் ஆழமான அநீதி. 'கூலி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் தமிழே என்பாரும், குசராத்தின் 'கோலி' என்னும் குலப்பெயரே என்பாரும் உளர். தமிழ்ச் சொல்லே மூலமாயின், ஊதியத்தின் பெயர் ஆளுக்கே பெயராகிவிட்டது.

இவ்விடத்தில் மெர்லோ-பொந்தியின் குறையும் தெரிகிறது. அக்குறையைக் கண்டவர் அவர் விரிவுரைகளைக் கேட்ட ஒருவரே. மார்த்தினிக் தீவிலிருந்து வந்து லியோனில் மருத்துவம் பயின்ற ஃபிரான்ஸ் ஃபானோன், 1952இல் வெளியிட்ட நூலில், தன்னைக் கண்டு அஞ்சிய வெள்ளைச் சிறுவனைப் பற்றி எழுதினார். அக்கணத்தில் அவர் உடம்பு உலகை நாடிச் செல்லும் உடம்பாக இல்லை. பிறர் கண்ணில் முன்பே எழுதி முடிக்கப்பட்ட உடம்பாகிவிட்டது. மெர்லோ-பொந்தி பேசும் உடம்பு பெரும்பாலும் தடையின்றி இயங்கும் உடம்பு. வெயிலில் நிறுத்தி எண்ணப்பட்டு, நிறம் பார்த்து வேலைக்குப் பிரிக்கப்படும் உடம்பு அவர் நூலில் அரிது. தேய்ந்த தோளும் கூனிய முதுகும் அங்கே மிகுதியாக இல்லை. ஆயினும் ஃபானோன் குற்றம் காட்டியது ஆசிரியர் தந்த கருவியைக் கொண்டே. ஒரு மெய்யியலார் விட்டுச்சென்ற செல்வம் என்று இதனைத்தான் சொல்லவேண்டும். இருவரும் 1961இலேயே மறைந்தனர்.

1972 ஜூன் 23ஆம் நாள் 'நிஹோன்' என்னும் கப்பல் தஞ்சோங் பகாரின் புதிய முனையத்தை அடைந்தது. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் அது. கப்பலில் வந்தவை ஏறத்தாழ 300 கொள்கலன்கள். பல தோள்கள் நாட்கணக்கில் செய்ததைப் பாரந்தூக்கி மணிக்கணக்கில் முடித்தது. பலகை நடையைக் கற்பிக்க இனி ஆளும் தேவையில்லை, மாணவனும் இல்லை. இதற்காகக் கண்ணீர் வடிப்பது போலித்தனம். முதுகொடிய மூட்டை சுமக்கும் நாள் மீண்டும் வரவேண்டும் என்று சுமந்தவர் எவரும் வேண்டார். ஆனால், துயர் ஒழிந்தது என்பதும் ஓர் அறிவு பதிவின்றி மறைந்தது என்பதும் இரு வேறு உண்மைகள். முன்னதற்குப் புள்ளிவிவரம் உண்டு, பின்னதற்கு இல்லை.

உயரத்துக் கூண்டில் அமர்ந்த பாரந்தூக்கி இயக்குநர், கயிற்றின் முனையில் ஆடும் பளுவை விசையில் பதிந்த கையால் உணரக் கற்றார். கோலின் நுனி அங்கே மிகவும் நீண்டுவிட்டது. 2022 செப்டம்பரில் துவாஸ் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் அங்கே கொள்கலன்களை ஏற்றிச் செல்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துப் பாரந்தூக்கியை இயக்குவோர்க்குக் கயிற்றின் அசைவு கைக்கு எட்டுவதில்லை. கண்ணுக்கு மட்டுமே எட்டுகிறது.