கட்டாயத்தால் கனிவு வருமா?

ஓர் அரசு அலுவலகம். கோப்பில் பிழை செய்துவிட்ட இளநிலை உதவியாளர் ஒருவரை, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரி கேலி செய்கிறார். அடுத்த நிமிடமே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. நாற்பது பேர் பார்க்கிறார்கள்; 'போதும்' என்று சொல்ல ஒருவரும் இல்லை. மறுநாள் காலை அந்த நாற்பது பேரின் நடுவேதான் அவர் சென்று அமர வேண்டும்.

இத்தகைய இணையவழித் துன்புறுத்தலைத் தடுக்கும் பயிற்சியை அரசு ஊழியர்களுக்குக் கட்டாயமாக்குவது தகுமா? பண்பைச் சட்டத்தால் ஊட்ட முடியாது என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. பிறருக்கு எரிச்சலூட்டும் இணையச் செய்திகளையும் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அதன் சொற்கள் தெளிவற்றவை, பேச்சுரிமையைப் பாதிப்பவை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது. சுடுசொல் அனைத்தையும் தண்டிக்கப் புகுந்தால் நியாயமான பேச்சும் அடங்கிப்போகும்.

தண்டனை செல்லக்கூடாத அந்த இடத்தில்தான் பயிற்சிக்கு வேலை இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், புகார்க் குழு அமைப்பதோடு, உரிய இடைவெளிகளில் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்துவதையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. நற்செயல்களைச் செய்து பழகியே மனிதன் நல்லவனாகிறான் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. பெரியோரை வணங்கும் குழந்தை முதலில் தாயின் சொல்லுக்காகவே கைகூப்புகிறது. வணக்கத்தின் பொருள் பின்னரே அதற்கு விளங்குகிறது. கட்டாயம் வாசல்வரை அழைத்துச் செல்லலாம். உள்ளே நுழைவது அவரவர் பொறுப்பு.

அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் ஒன்றைப் பெற்ற இடையனின் கதை பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் வருகிறது. தன்னை யாரும் காணவில்லை என்றறிந்ததும் அவன் தீமையில் துணிந்தான். இன்று புனைபெயரும் கைப்பேசித் திரையும் ஏறக்குறைய எல்லோர் விரலிலும் அம்மோதிரத்தை மாட்டியிருக்கின்றன. திரைக்குப் பின்னால் இருப்பவனுக்கு எதிரே இருப்பவரின் கண்ணீர் தெரிவதில்லை. அந்தக் கண்ணீரை நினைவூட்டுவதே பயிற்சியின் முதற்பணி.

நாற்பது பேரில் ஒருவர், மேலதிகாரியின் சினத்துக்கு ஆளாகக்கூடும் என்று தெரிந்தும், 'இதை நாளை நேரில் பேசிக்கொள்ளலாம், ஐயா' என்று பணிவோடு எழுதினால், அன்று அப்பயிற்சி பயன் தந்தது எனலாம். அத்துணிவை எந்தச் சான்றிதழும் அளிக்காது. பிறர் அவமானத்தைத் தன் அவமானமாக உணரும் உள்ளத்தில் அது தானே பிறக்கும்.