சோர்ந்து போகாமல் செபிப்போம்



சில வாரங்களுக்கு முன், செவ்வாய்க்கிழமை மாலை அர்ச். அந்தோணியார் நவநாள் முடிந்து கோவில் கதவைச் சாத்தும் வேளையில், ஒரு தாய் என்னிடம் வந்து நின்றாள். குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி வீட்டை விட்டுப் போய்விட்ட மகனுக்காக ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டு, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வந்து முழந்தாளிட்டவள் அவள். "ஒம்பது செவ்வாயும் முடிஞ்சாச்சு சுவாமி. பய வரல்லியே. இனி பத்தாஞ் செவ்வாய்க்கு நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டாள்.

அந்நேரம் எனக்குத் தகுந்த மறுமொழி வாயில் வரவில்லை. "வாருங்கள் அம்மா, எப்படியும் வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு அறைவீட்டுக்கு வந்துவிட்டது. அது அவள் ஒருத்தியின் கேள்வியன்று. பிள்ளைப்பேறு வேண்டி வருஷக்கணக்கில் மன்றாடும் தம்பதிகளும், தீராத நோயாளியின் கட்டிலருகே இருப்பவர்களும், மகளுக்கு வரன் அமையாமல் கலங்கும் பெற்றோரும் மனதுக்குள் கேட்கும் கேள்வியே அது. ஆகையால் அவளுடைய சம்மதத்தோடு அதை இங்கே எழுதுகிறேன். அவள் யாரென்று ஒருவரும் ஆராய வேண்டாம். நம்மில் ஒவ்வொருவரும் அந்த இடத்தில் நின்றவர்களே, அல்லது இனி நிற்கப்போகிறவர்களே.

முதலாவது, நமது திவ்விய இரட்சகர் இதைப்பற்றி என்ன படிப்பித்தார் என்று பார்ப்போம். அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் ஒரு விதவையின் உவமை வருகிறது. சர்வேசுரனுக்குப் பயப்படாத, மனுஷரையும் மதியாத ஒரு நீதிபதி. அவனிடம் நியாயம் கேட்டு அலைகிறாள் அந்த ஏழை. அவளுக்குச் சிபாரிசு இல்லை, பணமில்லை, ஆண்துணையுமில்லை. அவளிடத்தில் இருந்ததெல்லாம் மறுபடியும் மறுபடியும் வந்து நிற்கும் கால்கள் மாத்திரமே. கடைசியில் அவள் தொந்தரவு தாங்காமல் நீதிபதி நியாயம் செய்கிறான்.

இதைக் கேட்டுச் சிலர், "அப்படியானால் சர்வேசுரனும் தொந்தரவு பொறுக்காமல்தான் கொடுப்பாரோ?" என்று நினைக்கிறார்கள். உவமையின் கருத்து அதற்கு நேர்மாறானது. அநீதமுள்ளவனே விடாமுயற்சிக்கு இணங்குவானாகில், நம்மைப் பெற்ற பிதாவுக்கும் மேலாக நேசிக்கிற பரலோக பிதா எவ்வளவு அதிகமாய்ச் செவிகொடுப்பார் என்பதே பொருள். அவரை எழுப்பிவிடுவதற்காக நாம் கதவைத் தட்டவில்லை. அவர் தூங்குகிறவரல்லர்.

அப்படியானால் முதல் தட்டலிலேயே ஏன் திறப்பதில்லை? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புரோபா என்னும் உரோமைக் கைம்பெண் ஒருத்தி செபத்தைப்பற்றிக் கேட்டதற்கு அர்ச். அகுஸ்தீன் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். நமக்குத் தேவையானது இன்னதென்று ஆண்டவருக்குத் தெரியாமலில்லை. அவர் தர விரும்புவது பெரிது, அதை ஏற்கும் நம் இருதயமோ சிறிது. கேட்டுக் கேட்டு, ஆசித்து ஆசித்து அது விரியவேண்டும் என்பது அவர் சொன்னதின் சாரம்.

நம்முடைய ஊர்க்காரருக்கு இதை விளக்கப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. பனையேறுகிறவர்களைக் கேளுங்கள். முதல் நாள் பாளையைச் சீவியவுடனே பதனீர் சொட்டுமா? பாளையை இடுக்கி நசுக்கி, காலையும் மாலையும் ஏறி இறங்கி, நாள்தோறும் மெல்லியதாய்ச் சீவிவர வேண்டும். பல நாள் வெறுங் கலயத்தோடு இறங்க வேண்டும். அந்த நாட்களை வீண் என்று எந்தப் பனையேறியும் சொல்லமாட்டான். வயல்காரரைக் கேளுங்கள். பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்துவிட்ட அன்றைக்கே கடைமடை வயல் நனைகிறதா? தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் நம் வரப்புக்கு வரவில்லை. அதற்காக வாய்க்காலைத் தூர்த்துவிடுகிறவன் புத்திமானல்லன். அநேகர் செபத்தை விட்டுவிடுவது இப்படித்தான். தண்ணீர் வரும் வழியில் நாமே மண்ணைப் போட்டுவிட்டு, "வரவில்லையே" என்று புலம்புகிறோம்.

பிரியமானவர்களே, இதற்குத் திருஷ்டாந்தம் தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. நம் மண்ணில் பிறந்து, நம் மண்ணில் இரத்தம் சிந்திய அர்ச். தேவசகாயம் போதும்.

1712-ம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்து மனமுடைந்திருந்தார். 1741-ம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவராய் உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய், அவரிடம் யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். ஆடுமாடு, வீடு, பிள்ளைகள், தேகசுகம் எல்லாம் இழந்தும் ஆண்டவரோடு பேசுவதை நிறுத்தாத யோபுவின் கதையே நீலகண்டனுக்கு வேதத்தின் வாசலாயிற்று. 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி வடக்கன்குளத்தில், நம்மவர் பரஞ்சோதிநாதர் என்றழைத்த புத்தாரி சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவியும் ஞானப்பூ என்னும் நாமத்தோடு வேதத்தில் சேர்ந்தாள்.

ஞானஸ்நானத்துக்குப் பின் கஷ்டம் தீர்ந்ததா? தீரவில்லை. 1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர்ஊராய்க் கொண்டுபோனார்கள். அடித்தார்கள். பெருவிளையில் மாதக்கணக்காய் வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது செபித்துக் கைமுட்டால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்று நம் முன்னோர் விசுவசித்தார்கள். முட்டிடிச்சான் பாறை இன்றும் அங்கே இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாறையில் தண்ணீர் வந்தது, ஆனால் கைவிலங்கு கழன்று விழவில்லை. ஏறத்தாழ மூன்று வருஷம் அவர் செபித்தார். அவர் கட்டுண்டிருந்த இடத்துக்கே ஜனங்கள் ஆறுதல் தேடி வந்தார்கள். அவர்களுக்காக அவர் மன்றாடினார். அவருடைய சொந்தச் சங்கிலியோ அப்படியே இருந்தது. 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கடுத்த காற்றாடிமலையில் செபித்தபின் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது நாற்பது நிறையவில்லை. உலகத்தார் பார்வையில் இது கேட்கப்படாத செபம். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் அவர் விசுவாசத்தை விடவில்லை, துன்புறுத்தினவர்களைப் பகைக்கவில்லை. அடியும் அவமானமும் உடைக்கக்கூடாத ஒரு மனுஷனாக அவரை ஆண்டவர் ஆக்கியிருந்தார். சங்கிலி கழல்வதைவிட இது பெரிய புதுமை அன்றோ?

இன்னுமொரு காரியம். அவருடைய எலும்புகள் கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டன. அன்று முதல் நம் ஜனங்கள் அந்தக் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி வேண்டிக்கொண்டார்கள். 1780-ம் ஆண்டிலேயே அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கோரும் விண்ணப்பம் உரோமைக்குச் சென்றது. பலன் இல்லை. தலைமுறைகள் கடந்தன. 1984-ம் ஆண்டில் கோட்டாறு மறைமாவட்டத்து இல்லறத்தார் சிலர் அந்த முயற்சியை மறுபடியும் கையிலெடுத்தார்கள். 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி உரோமாபுரியில் பாப்பரசர் பிரான்சிசால் அர்ச்சியசிஷ்டராகவும் அறிவிக்கப்பட்டார். 1752 முதல் 2022 வரை 270 வருஷம்! முதல் மெழுகுதிரியை ஏற்றின கை எதுவோ, நமக்குத் தெரியாது. அந்தக் கை பலனைக் காணவில்லை. அதன் பேரப்பிள்ளைகளும் காணவில்லை. ஆனாலும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் முழந்தாளிட்டார்கள். நாம் கண்டோம். அவர்கள் "ஒன்பது செவ்வாய் முடிந்தது" என்று எண்ணியிருந்தால் நாம் கண்டிருப்போமா?

"நான் கேட்டதையே ஆண்டவர் தரவேண்டுமே" என்பீர்கள். கேளுங்கள், கேட்பது பிள்ளைகளின் உரிமை. ஆனால் எப்படித் தருவதென்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். அர்ச். மோனிக்கம்மாளை நினையுங்கள். வழிதவறின மகன் அகுஸ்தீன் 383-ம் ஆண்டில் கடல் கடந்து உரோமைக்குப் போகப் புறப்பட்டபோது, அவன் போகாதபடி தடுக்கும்படி கார்த்தேஜ் துறைமுகத்தருகே ஒரு கோவிலில் இரவு முழுதும் அழுது செபித்தாள். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது, மகனும் போய்விட்டான். அன்று அவள் செபம் மறுக்கப்பட்டது என்றே யாரும் சொல்லுவார்கள். ஆனால் அந்தக் கப்பலில் போனதினாலேயன்றோ அவன் மிலான் நகரில் அர்ச். அம்புரோசியாரைச் சந்தித்து, 387-ம் ஆண்டு பாஸ்குத் திருநாளில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றான்! அவள் அந்த இரவில் கேட்டது கிடைக்கவில்லை. அத்தனை வருஷமாய்க் கேட்டது கிடைத்தது.

ஆயினும் எல்லாவற்றுக்கும் இப்படி முடிவு காட்டிவிட முடியும் என்று நான் பாசாங்கு செய்யமாட்டேன். 2017-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வீசியபோது, நம் கடற்கரை ஊர்களில் தாய்மாரும் மனைவிமாரும் குருசடிகளிலும் கோவில்களிலும் இராப்பகலாய்ச் செபமாலை சொன்னார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். அநேகர் வரவில்லை. சிலருடைய சரீரமும் கிடைக்கவில்லை. திரும்பினவரின் மனைவி நன்றாய்ச் செபித்தாள், திரும்பாதவரின் மனைவி சரியாய்ச் செபிக்கவில்லை என்று சொல்ல எவனுக்கு நா எழும்பும்? அப்படிச் சொல்லுகிறவன் சர்வேசுரனையும் அறியான், துக்கத்தையும் அறியான்.

அந்த இருளில் நான் ஒன்றைமட்டும் பிடித்துக்கொள்ளுகிறேன். ஜெத்சமெனித் தோட்டத்தில் சேசுநாதர்தாமே அந்தப் பாத்திரம் அகலும்படி கேட்டார். ஒரு தரமல்ல, மூன்று தரம் கேட்டார். பாத்திரம் அகலவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மாலையில் அதுவும் கேட்கப்படாத செபமாகவே தோன்றிற்று. பிதாவின் மறுமொழி மூன்றாம் நாள் விடியற்காலையில்தான் வந்தது. நம்மில் சிலர் இன்னும் வெள்ளிக்கிழமையிலேயே நிற்கிறோம், சிலர் சனிக்கிழமையில் நிற்கிறோம். சில ஞாயிற்றுக்கிழமைகள் இந்த உலகத்தில் விடியாமல், மோட்சத்தில்தான் விடியும். அதுவரை நம்மோடு நிற்கிறவர் அதே வெள்ளிக்கிழமையைக் கடந்தவர்.

ஆகையால் இவ்வாரம் நாம் செய்யவேண்டிய காரியங்கள் மூன்று.

ஒன்று: வீட்டில் இரவுச் செபத்தை மறுபடியும் தொடங்குங்கள். முழுச் செபமாலைக்கு நேரமில்லையென்றால் பத்து மணியாவது குடும்பமாய்ச் சேர்ந்து சொல்லுங்கள். தொலைக்காட்சியும் கைபேசியும் அந்தக் கால்மணி நேரம் ஓய்வெடுக்கட்டும்.

இரண்டு: செபத்தோடு முயற்சியும் சேரட்டும். மழைக்கு வேண்டிக்கொள்ளுகிறவன் கலப்பையைத் தூக்கி எறிவதில்லை. நோய்க்கு வேண்டிக்கொள்ளுகிறவர்கள் மருந்தையும் நிறுத்தவேண்டாம். குடிக்கு அடிமையான பிள்ளைக்காகச் செபிக்கிற வீட்டார் அவனை வைத்தியரிடம் அழைத்துப்போகக் கூச்சப்படவேண்டாம். அதுவும் நோயே. வைத்தியன் கையும் ஆண்டவர் கொடுத்ததே.

மூன்று: செபிக்க முடியாமல் சோர்ந்துபோனவர்களுக்காக நீங்கள் செபியுங்கள். கல்லறையில் ஒருவர் திரி அணைந்தபோது மற்றவர் திரி எரிந்ததினால்தான் கோட்டாற்றில் 270 வருஷம் வெளிச்சம் இருந்தது. பங்கு என்பதும் இதற்காகவே.

அந்தத் தாய்க்கு என் மறுமொழி இதுவே: அம்மா, ஒன்பது செவ்வாய் நீங்கள் ஆண்டவரிடம் மகனைப்பற்றிச் சொன்னீர்கள். பத்தாஞ் செவ்வாய்க்கு வெறுங்கையோடு வாருங்கள். வார்த்தை வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். உங்களைக் காணும்போது அவருக்கு உங்கள் மகன் ஞாபகம் வராமல் போகுமா? நீங்கள் அவனை மறக்கமாட்டாதிருக்கிறீர்களே, அந்த மனதை உங்களுக்குக் கொடுத்தவர் அவரேயன்றோ. நீங்கள் அவனைத் தேடத் தொடங்குமுன்னே அவர் தேடத் தொடங்கிவிட்டார்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வருகிற செவ்வாய்க்கிழமை மாலை, முடிந்தவர்களெல்லாரும் நவநாளுக்கு வாருங்கள். உங்களுக்கென்று கேட்க ஒன்றுமில்லாவிட்டாலும் வாருங்கள். யாரோ ஒருவருடைய பத்தாஞ் செவ்வாய் அது. அவர் தனியாய் முழந்தாளிட வேண்டாம்.

அர்ச். தேவசகாயம் நமக்காக வேண்டிக்கொள்ளுவாராக. தேவமாதா நம் குடும்பங்களைக் காப்பாளாக. ஆண்டவருடைய ஆசீர்வாதம் உங்கள் எல்லாரோடும் இருப்பதாக.

உங்கள் பங்குச் சுவாமி