நகத்தைக் காட்டு

திருகோணமலை உட்துறைமுக வீதி, பின்னேரம். கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த புள்ளிமான் ஒன்று கச்சான் வண்டிக்கருகே கடதாசிச் சுருளை மென்றுகொண்டு நிற்கிறது. அதைத் துரத்தி ஓடுகிறான் எங்கள் ஒழுங்கைப் பெடியன். வயது ஆறு.

இரண்டு வருசத்துக்கு முன் பத்தடி நடந்தால் குந்திவிடுவான். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காத இருப்பு. செல்லம் என்றுதான் நினைத்தேன். உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்ததையும் பார்த்துக்கொண்டுதான் அப்படி நினைத்தேன்.

*

அவனுக்கு இருந்தது மார்செய் துறைமுகப் பட்டினத்து வைத்தியர் ஃபலோ 1888இல் விவரித்த நோய். இதயத்தில் நான்கு பழுதுகள். தாய்க்குப் பிடிபட்டவை இரண்டு: கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் ஒடுக்கம். குந்தும்போது கால் இரத்தக்குழாய்கள் அழுந்தும். உடம்புப் பக்கம் அழுத்தம் கூடும். ஓட்டையால் நழுவிப் போகிற கறுத்த இரத்தம் நுரையீரலை நோக்கித் திரும்பும். நாலு வயதுப் பிள்ளை தன்பாட்டில் கண்டுபிடித்த வைத்தியம்.

1944இல் பால்டிமோரில் இப்படி நீலம் பாரித்த குழந்தைகளுக்கு முதல் சத்திரசிகிச்சை. யோசனை ஹெலன் டவுசிக்குடையது, கத்தி பிளேலொக்கின் கையில். அவர் தோளுக்குப் பின்னால் நின்று வழிசொன்னவர் விவியன் தோமஸ். வைத்தியக் கல்லூரியில் படிக்காத கறுப்பர். பால்டிமோரும் துறைமுகப் பட்டினம். அதில் அர்த்தம் ஒன்றுமில்லை. கப்பல் பார்த்து வளர்ந்தவளுக்கு இப்படித்தான் தோன்றும்.

*

இங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் மடியில் பிள்ளை. பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, 1895இல் தொடங்கியது. அரச ஆஸ்பத்திரி, வைத்தியத்துக்குக் காசில்லை. ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டும், தகப்பன் கடலுக்குப் போகாத நாட்களுக்கும்.

ஓட்டையை மூடி, ஒடுக்கத்தை அகட்டினார்கள். வார்டில் தாய் பிடித்துக்கொண்ட சிங்களம் இரண்டே சொல்: "பயவெண்ட எபா." பயப்படாதே. மிஸ்மார் பிள்ளைக்குச் சொன்னது. இப்போது இடி இடித்தாலும் அவள் சிங்களத்தில்தான் ஆற்றுகிறாள். மகன் சிரிக்கிறான்.

*

கிளினிக் இன்னும் உண்டு. திருத்திய இதயத்திலும் வால்வு பிறகொரு காலத்தில் ஒழுகலாம். வளர்ந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கொப்பியை பொலித்தீன் பையில் சுற்றி சுவாமிப் படத்தட்டில் வைத்திருக்கிறாள்.

"ஓடாத எண்டு வாய் வரைக்கும் வரும் அக்கா. விழுங்கிடுவன்."

விழுங்க முடியாதது ஒன்று இருக்கிறது.

"டேய், நகத்தைக் காட்டு!"

பள்ளிக்கூடத்தில் காட்டுவதுபோல் இரண்டு கையையும் நீட்டுகிறான், பார்வை மானில். பத்து விரலிலும் சேறு. நிறம் தெரியவில்லை. சட்டை நுனியை நாக்கில் நனைத்து ஒரு பெருவிரலை மட்டும் துடைத்துப் பார்க்கிறாள்.

"ஊத்தை," என்று ஏசிவிட்டுக் கையை விடுகிறாள்.