களை பறித்தல் கொலையாகுமா?

சென்ற கார்த்திகை மாதத்தில் தில்லி சென்றிருந்தபோது, அங்கு வாழும் அன்பர் ஒருவர் நம்மை ஓக்லாவிற்கு அழைத்துச் சென்றார். யமுனையின் குறுக்கே எழுப்பப்பெற்ற தடுப்பணைக்கு மேற்புறம், 1990ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற நீர்ப்பரப்பு அது. நீர்ப்பரப்பு என்றோம், நாம் கண்டது பெரும்பாலும் பசும்பரப்பே. கரையில் நின்று நோக்குவார்க்கு விளைந்து நிற்கும் நன்செய் போலத் தோன்றியது. ஆங்காங்கே இளநீலப் பூங்கொத்துகள். வடநாட்டார் இதனை ஜலகும்பி என்பர். நம் நாட்டில் ஆகாயத்தாமரை என்றும், காம்பு வெங்காயம்போலப் பருத்திருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் வழங்கும் செடியே அது. பணியாளர் சிலர் அதனை வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தனர். குவியலைக் கண்டு அன்பர் வினவினார்: "இதுவும் உயிர்தானே? பஞ்சசீலம் ஏற்ற நான் இப்பணியில் கை வைக்கலாமா?"

நகைத்துத் தள்ளத்தக்க வினா அன்று இது. செடி கொடிகளுக்கு ஊறு செய்தல் ஆகாது என்று பிக்குகளுக்கு விநயம் விதிக்கின்றது. இல்லறத்தார் ஏற்கும் முதற்சீலமோ மூச்சுடைய பிராணிகளையே கருதுவது. ஆகவே விதிநூலை மட்டும் பார்த்து, "தாராளமாகப் பறியுங்கள்" என்று நாம் கூறிவிட்டிருக்கலாம். கூறவில்லை. பறிப்பவன் எதற்காகப் பறிக்கின்றான், எந்த நெஞ்சோடு பறிக்கின்றான் என்பதைத் தள்ளிவிட்டுச் செயலை மட்டும் எடை போடுவது தம்மத்தின் வழி அன்று.

இச்செடியின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகை. அது தானாகக் கடல் கடந்து வந்ததன்று. பூவின் அழகிற்கு மயங்கிய மனிதரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதனை வங்காளத்திற்குக் கொணர்ந்தனர். தோட்டக் குளத்தில் வைத்த செடி ஆற்றில் இறங்கிற்று; படகு செல்லாது போயிற்று; நெல்வயல் மூடுண்டது. இலங்கையில் 1909ஆம் ஆண்டிலும், வங்காளத்தில் 1936ஆம் ஆண்டிலும் இவ்வொரு செடிக்கென்றே தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்று வைகையிலும் தாமிரபரணியிலும் அதனைக் காணலாம். தக்க சூழலில் இரண்டு வாரத்திற்குள் இருமடங்காகப் பெருகும். விதையோ சேற்றினுள் 15 முதல் 20 ஆண்டுகள் வரை முளைப்பாற்றலோடு காத்துக் கிடக்கும்.

வள்ளுவர் கொடியோரை அரசன் தண்டிப்பதற்குக் களையெடுப்பதை உவமை கூறினார். களையெடுத்தல் பழியற்ற செயல் என்பது எல்லார்க்கும் உடன்பாடாதலால் அவ்வுவமை நின்றது. ஆனால் அங்கே உழவன் உண்டு, பயிர் உண்டு. ஓக்லாவில் பயிர் எது? யாரும் விதையாத, யாரும் அறுவடை செய்யாத ஒன்று: நீரடியில் வெயிலை நம்பி வளரும் பாசியும் பூண்டும், அவற்றினிடையே முட்டையிடும் மீனும், அம்மீனையும் பூண்டையும் நம்பி வரும் பறவையும். இலைக்கூரை மூடியவுடன் கீழே இருள் சூழ்கின்றது. காற்று நீரோடு கலப்பது குறைகின்றது. மடிந்த இலை அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவையும் உண்டுவிடுகின்றது. இலைக்கோழியும் தாழைக்கோழியும் அப்பசும்பரப்பின்மேல் நடந்து இரை தேடுவதை நாமே கண்டோம். அவற்றிற்கு இது நன்மையே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்தினங்களுக்கோ திறந்த நீர் வேண்டும். அன்று அவை அணையருகே எஞ்சியிருந்த சிறு பரப்பில் நெருங்கி மிதந்தன.

அதே தில்லியில், பெரோஸ்ஷா கோட்லாவில், அசோகரின் கற்றூண் ஒன்று நிற்கின்றது. பதினான்காம் நூற்றாண்டில் தோப்ராவிலிருந்து பெரோஸ் துக்ளக் யமுனை வழியே படகில் கொணர்ந்தது அது. அதில் பொறித்துள்ள சாசனங்களுள் ஐந்தாவது, கொல்லலாகாத உயிர்களைப் பெயர் சொல்லி அடுக்குகின்றது. கிளி, நாகணவாய், அன்னம் ஆகியவற்றோடு சக்கரவாகமும் அவ்வரிசையில் உண்டு. இன்றும் பனிக்காலத்தில் யமுனைப் பக்கம் வரும் பறவை அது. மேலும், உயிர்கள் உறையும் உமியை எரிக்கலாகாது என்றும், பயனின்றியோ உயிர்களை அழிக்கவோ காட்டைக் கொளுத்தலாகாது என்றும் அச்சாசனம் கட்டளையிடுகின்றது. காடு வெட்டவே கூடாது என்று அம்மன்னர் கூறினாரில்லை. நோக்கத்தையும், அதனுள் வாழும் உயிர்களையும் எண்ணச் சொன்னார். அன்பரின் வினாவிற்கு இதனினும் நெருங்கிய விடையை நாம் அறியோம். பல உயிர்களுக்கு இடம் விடும் பொருட்டு, வெறுப்பின்றிப் பறிக்கும் கை கொலைக்கை அன்று. "அந்நிய அரக்கன்" என்று இச்செடியை ஏசுவோரை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. அழைத்து வந்தவர் நாம். அது தன் இயல்பின்படி வளர்ந்தது.

அது மட்டுமோ? நாள்தோறும் அதற்கு உணவிடுபவரும் நாமே. 1,376 கிலோமீட்டர் ஓடும் யமுனையில் வசீராபாத்திலிருந்து ஓக்லா வரையுள்ள தில்லிப் பகுதி 22 கிலோமீட்டரே. நூற்றில் இரண்டு பங்கும் தேறாத அத்துண்டில்தான் ஆற்றின் மாசுச்சுமையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சேர்கின்றது. நஜஃப்கர் வாய்க்கால் முதலியன கொண்டு வந்து கொட்டும் கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் செடிக்கு உரம். உண்மை கூறின், அங்கே மீனுக்கு மூச்சு முட்டுவதற்கு முதற்காரணம் செடிகூட அன்று. செடி வருமுன்பே கழிவுநீர் அவ்வேலையை முடித்து வைக்கின்றது. பிக்குகளின் ஒழுக்க விதிகளில், பசும்பயிரின்மேல் மலசலம் கழிக்கலாகாது, உமிழலாகாது என்னும் விதியை அடுத்தே நீரிலும் அவ்வாறு செய்யலாகாது என்னும் விதி நிற்கின்றது. பச்சையைத் தொடலாமா என்று தயங்கி நின்ற நாம், அடுத்த விதியை ஒரு மாநகரமாகக் கூடி மீறிக்கொண்டிருக்கின்றோம்.

1980களில் இச்செடியைத் தின்னும் நியோசெட்டினா என்னும் வண்டுகளை அயல்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வருவித்து, வேறு பயிரைத் தீண்டா என்று ஆராய்ந்தறிந்த பின்னரே நீர்நிலைகளில் விட்டனர். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் அவை பெரும்பயன் அளித்தன. கழிவுநீரில் செடி கொழுக்கும் வேகத்திற்கு வண்டின் பசி ஈடுகொடுப்பது அரிது.

கரையில் கண்ட குவியல்தான் நம் மனத்தை உறுத்திற்று. செடி உறிஞ்சிய உரமும் உலோக நஞ்சும் அதனுள்ளேயே இருக்கின்றன. அங்கேயே அழுக விட்டால் அடுத்த மழையில் மீண்டும் ஆற்றையே சேரும். ஆகவே அன்பரிடம், கை வைப்பதாயின் பறிப்பதோடு நில்லாமல் குவியலைக் கரையினின்றும் அகற்றவும் உதவுமாறு கூறினோம். நஞ்சு கலந்திருக்குமாதலால் ஆராயாமல் காய்கறித் தோட்டத்திற்கு எருவாக்க வேண்டா என்றும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், தாம் குடியிருக்கும் தெருவின் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்கின்றது என்பது இருபது ஆண்டுகளாகத் தமக்குத் தெரியாது என்றும், அதை முதலில் விசாரித்து எழுதுவதாகவும் கூறினார். அவர் கடிதத்தை எதிர்நோக்கியிருக்கின்றோம்.