மருத்துவரின் வாசலில் நிற்பவர் யார்?

சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வரிசையில் நிற்பதற்கு நாம் வெட்கப்படுவதில்லை. முழங்கால் வலியைப் பற்றித் திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்திலேயே பேசிக்கொள்கிறோம். மனத்தின் நோய் என்றால் மட்டும், மஞ்சக்குப்பத்தில் இருப்பவர் உள்ளூர் மருத்துவமனையை விட்டுவிட்டு, யாரும் அறியாதபடி புதுச்சேரிக்கோ சிதம்பரத்திற்கோ பேருந்து ஏறுகிறார். சிதம்பரத்தில் இருப்பவர் அதே அச்சத்தோடு கடலூருக்கு வருகிறார்.

இந்த ஒளிவுமறைவுக்குப் பின்னால் நம் சமூகத்தின் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. "அங்கே போகிறவன் பைத்தியம்" என்பது ஒன்று. "அங்கே போகும் அளவுக்கு உனக்கு என்ன வந்துவிட்டது?" என்பது மற்றொன்று. முன்னது, போகிறவர் எல்லாரையும் நோயாளி என்கிறது. பின்னது, போகிறவருக்கு நோயே இல்லை என்கிறது. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு தீர்ப்புகளும் செய்யும் வேலை என்னவோ ஒன்றுதான். போக நினைத்தவரை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி விடுகின்றன. ஆகவே நாம் நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்: மனநல உதவியை நாடுவோர் யார்? அவர்கள் அனைவருக்கும் சிகிச்சை தேவைதானா? அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்?

முதல் தீர்ப்புக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. சென்னையில் 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்ட மனநோய் மருத்துவமனைக்கு, வீட்டில் வைத்துக்கொள்ள இயலாதவர் என்று கருதப்பட்டோரே பெரும்பாலும் கொண்டு செல்லப்பட்டனர். அந்த ஊரின் பெயரே வசைச் சொல்லாயிற்று. ஆனால் 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டபின், பெருநகரத்து மதில்களுக்குள் இருந்த மருத்துவம் மாவட்ட மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவுக்கு வரலாயிற்று. உறக்கம் இழந்தவர், குடியை விட முடியாதவர், பிள்ளைப்பேற்றுக்குப்பின் காரணமின்றி அழும் தாய், தேர்வுக்கு அஞ்சி உண்ண மறுக்கும் மாணவன் என்று பலரும் இன்று அந்த வாசலில் நிற்கிறார்கள். நம் பேச்சு மட்டும் இன்னும் பழைய மதிலுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாம் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். "நோயில்லாதவர்களே மருத்துவரின் நேரத்தை வீணாக்குகிறார்கள்" என்னும் குறை மேலைநாடுகளில் வெகுநாளாக உண்டு. அமெரிக்காவில் இதை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டுக் காலத்தில் மனநல உதவி பெற்றவர்களுள் 61.2 விழுக்காட்டினருக்கு அவ்வாண்டிலேயே கண்டறியத்தக்க மனநோய் இருந்தது. 21.1 விழுக்காட்டினருக்கு அவ்வாண்டில் நோய் இல்லை எனினும், வாழ்வில் முன்பு எப்போதோ இருந்திருந்தது. மேலும் 9.7 விழுக்காட்டினருக்கு உதவி தேவை என்பதற்கான வேறு அடையாளங்கள் இருந்தன. எந்தத் தேவையும் தென்படாதவர் 8 விழுக்காட்டினரே. காரணமின்றிப் போகிறார்கள் என்று நாம் கருதுவோரில் மிகப் பெரும்பாலோர் காரணத்தோடுதான் போகிறார்கள்.

நம் நாட்டின் நிலையோ இதற்கு நேர்மாறான துயரம். பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015-16இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்ந்தனர். நோயின் வகைக்கு ஏற்ப, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். தேவையின்றி வருகிறவரைப் பற்றி நாம் கவலைப்படும் வேளையில், தேவையிருந்தும் வராதவர் நம் தெருவிலேயே, ஒருவேளை நம் வீட்டிலேயே, வாய் மூடி இருக்கிறார்.

ஆனால் இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மனநல மருத்துவர் லட்சம் பேருக்கு ஒருவர் கூட இல்லாத நாட்டில், துயரப்படும் ஒவ்வொருவரும் அவரிடம் போனால் கடும் நோயுற்றவருக்கு யார் மிஞ்சுவார்? இயல்பான சோகத்திற்கெல்லாம் மாத்திரை கொடுப்பது மனிதனை வலுவிழக்கச் செய்யாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. இதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் வரை போனால் போதும்.

2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், கடலூர் மாவட்டக் கரையில் 600க்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் மாண்டனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உறங்கவில்லை. கடலைப் பார்க்க அஞ்சினாள். பேரலையின் ஓசை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இது நோயா? இல்லை, இது துக்கம். அன்புக்கு நாம் செலுத்தும் விலை. அந்நாள்களில் ஆறுதல் சொல்லப் பலர் வந்தனர். ஆயினும், நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் அப்போது பரிந்துரைக்கவில்லை. உணவு, உறைவிடம், உறவினரோடு சேர்ந்திருத்தல், இறந்தோரை முறைப்படி நினைவுகூர்தல், மீண்டும் தொழிலுக்குத் திரும்புதல் ஆகியவையே பெரும்பாலோரைத் தேற்றும். அதே வேளையில், மாதங்கள் பல கடந்த பின்னும் எழ முடியாதவர், மதுவில் மூழ்கியவர், சாவை நாடியவர் என்று சிலர் இருப்பர். அவர்களுக்கு மருத்துவம் கட்டாயம் தேவை. வெளித்தோற்றத்தில் இரு சாராரின் கண்ணீரும் ஒன்றுதான். காது கொடுத்துக் கேட்டாலன்றி வேறுபாடு தெரியாது.

இங்கேதான் நாம் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். கேட்கப்படும் உரிமை வேறு; சிகிச்சைக்கான தேவை வேறு. முன்னது துன்புறும் ஒவ்வொருவருக்கும் உண்டு. பின்னது கேட்டபிறகே தெரியவரும். "உமக்கு நோயில்லை, இது துக்கம், இது தணியும்" என்று ஒருவரிடம் சொல்லி அனுப்புவதும் மருத்துவத்தின் பணியே. அந்த ஒரு சொல்லுக்காக வந்தவர் யாருடைய நேரத்தையும் வீணாக்கவில்லை. அந்த முதல் செவிசாய்த்தலுக்கு மனநல மருத்துவரே வேண்டும் என்பதும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியரோ ஆற்றுப்படுத்துநரோ செய்யலாம். வாசல் அகலமாக இருக்கட்டும். மருந்துச் சீட்டு அளவாக இருக்கட்டும்.

இறைவாக்கினர் எலியாவை எண்ணிப் பாருங்கள். பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாவை வேண்டினார் அவர். வானதூதர் வந்து அவருடைய விசுவாசக் குறைவைக் கண்டிக்கவில்லை. உறங்கவிட்டார், தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார். இறைவன் அவரோடு பேசியது அதன் பின்னரே. மனம் சோர்ந்தவரிடம் "செபம் போதாது" என்று சொல்ல விரைகிற நாம் இந்த வரிசைமுறையைக் கவனிப்பது நல்லது. சீராக்கின் ஞானமும் நோயுற்ற வேளையில் இறைவேண்டலையும் மருத்துவரையும் சேர்த்தே பேசுகிறது. மருத்துவரை ஆண்டவர் ஏற்படுத்தினார் என்பதே அதன் போதனை. திருத்தலத்துக்குப் போவது தவறன்று. மருந்துக்குப் பதிலாக அங்கே கொண்டுபோய் விடுவதுதான் தவறு.

அத்தவறு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 நமக்குக் காட்டியது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். தர்காவின் அருளை நாடி, உறவினரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். பிற சமயத்தாரைச் சுட்டிக்காட்டி நாம் ஆறுதல் கொள்ள இயலாது. கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்தவனைச் சங்கிலியால் கட்டியதும் அவனுடைய ஊராரே என்கிறது மாற்கு நற்செய்தி. அவன் நலம் பெற்று, ஆடையணிந்து அமர்ந்திருந்தபோதும், அவர்கள் மகிழவில்லை, அஞ்சினார்கள். நோயாளியைவிட நலமடைந்தவனைக் கண்டு அஞ்சும் ஊர் நமக்கும் புதியதன்று.

நோய் இல்லாதவரை நோயாளியாக்கும் கொடுமையும் உண்டு. வேறு சாதியில் மணம் செய்ய விரும்பும் மகளை, சொத்தில் பங்கு கேட்கும் தம்பியை, அடியைப் பொறுக்காத மனைவியை "புத்தி சரியில்லை" என்று மருத்துவரிடம் இழுத்துச் செல்வோர் இருக்கிறார்கள். 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நெறிகளுக்கு இணங்கவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கலாகாது. சங்கிலியால் பிணைப்பதும் குற்றம். சிகிச்சை பெறுவதோ ஒவ்வொருவருக்கும் உரிமை.

அப்படியானால் தேவையை அளக்கும் கோல் எது? ஊராரின் வெட்கமோ குடும்பத்தின் வசதியோ அன்று. அவர் எவ்வளவு துன்புறுகிறார், எவ்வளவு காலமாக, அன்றாட வாழ்வில் எதை இழந்திருக்கிறார், தமக்கோ பிறர்க்கோ ஆபத்து உண்டா என்பவையே அளவைகள். இவற்றை அறிய அவரையே முதலில் கேட்க வேண்டும்.

திருச்சபையும் இவ்வகையில் தன் பார்வையைக் கூர்மையாக்கிக்கொண்டுள்ளது. தெளிந்த மனத்தோடு தன்னுயிரை மாய்த்துக்கொண்டவருக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இடம்பெறவில்லை. கடும் உளக்கோளாறும் பெரும் வேதனையும் அத்தகையோரின் பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்று 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி போதிக்கிறது. இறந்தவரிடம் காட்டும் இந்தப் பரிவை உயிரோடு இருக்கும்போதே காட்டினால் என்ன?

நம் அன்பியக் கூட்டங்களில் நோயாளரைச் சந்திக்கும் பட்டியல் இருக்கிறது. அதில் மனநோயுற்றவரின் வீடு இடம்பெறட்டும். அரசு மருத்துவமனைக்குத் தனியே போகத் தயங்குபவரோடு ஒருவர் துணைக்குப் போகட்டும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416, ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதப்படட்டும். அவருக்குச் சிகிச்சை தேவையா இல்லையா என்று தீர்ப்பிடும் பணி நமக்குத் தரப்படவில்லை. அவர் அந்த வாசலை அடையும்வரை உடன் நடக்கும் பணி தரப்பட்டிருக்கிறது. இனிமேல் மஞ்சக்குப்பத்தில் இருப்பவர் மஞ்சக்குப்பத்திலிருந்தே, பகலிலேயே, நம்மில் ஒருவரோடு போகும்படி செய்வோம்.